கீறல் இடது கீழ்

மணி இரண்டு பத்துக்கு ஸ்கேனைத் தட்டிவிட்டு, இருட்டறையின் உள்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தபோது கோகிலவாணிக்கு முதலில் தோன்றியது, காலை இட்லிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்பதுதான். நல்ல நேரம் பார்த்துத்தான் வயிற்றுக்கு ஞாபகம் வருகிறது. ஆயிரம் நானோமீட்டரில் ஆரம்பம். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை மோட்டார் டிக் என்று சொடுக்கும், அலைநீளம் இரண்டு குறையும், திரையில் ஒரு புள்ளி விழும். நிமிஷத்துக்குப் பத்து நானோமீட்டர். கணக்குப் போட ஒன்றாம் வகுப்பு போதும். எழுநூற்று இருபதுக்கு இரண்டு முப்பத்தெட்டு. அறுநூறுக்கு இரண்டு ஐம்பது. மூன்று மணிக்கு மாடியில் தேர்வுக் குழுவுக்கு முன்னால், கூட ஆராய்ச்சி செய்கிற ஜெபசிங்கின் பேச்சு. அவன் பேச்சுக்குத்தான் வேலை, வேலைக்குத்தான் பேச்சு. எழுநூற்று முப்பதிலிருந்தே தொடங்கியிருந்தால் ஒரு நிமிஷத்திலேயே விஷயம் தெரிந்திருக்கும். தொடங்கவில்லை. விளக்கு சூடாகி நிலைப்பட வேண்டும், மூன்று வருஷத்துக்கு முன்னால் எப்படி எடுத்தானோ அப்படியே எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். காரணமெல்லாம் சரிதான். நிஜம் என்னவென்றால் பயம். இருபத்தெட்டு நிமிஷம் தெரியாமல் இருக்கலாமே என்ற ஆசை. பரீட்சை முடிவு வந்த நாளில் தபால்காரரைத் தெருமுனையில் கண்டதும் கொல்லைப்பக்கம் ஓடிக் கிணற்றடியில் நின்றவள்தானே இவள், நாற்பத்தொரு வயசானால் மட்டும் குணம் மாறிவிடுமா. டிக். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

வர வேண்டியது ஒரு பள்ளம். கோடு சமதளமாக வந்துகொண்டே இருந்து, சிவப்புக்குப் பக்கத்தில் எழுநூற்று இருபதில் சட்டென்று இறங்கி ஏற வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரையில் மூன்றாம் படம், ஜெபசிங்கின் பேச்சில் பதினாலாம் ஸ்லைடு. அந்தப் பள்ளத்தை வைத்துத்தான் தலைவர் வைத்தியலிங்கம் சார் நாலு நாட்டுக்குப் போய்ப் பேசினார், அந்தப் பள்ளத்தால்தான் இந்தப் பரிசோதனைச் சாலைக்குப் பெயர். ஒளிக்கு மின்புலம் ஒன்று, காந்தப்புலம் ஒன்று, இரட்டைப் பிள்ளைகள். உலகத்துப் பொருள் எல்லாம் மூத்ததிடம்தான் பேசும், இளையதை ஏறெடுத்தும் பார்க்காது. இரும்பையும் நம்ப முடியாது. ஆணியை இழுக்கும் காந்தம் விநாடிக்கு நானூறு லட்சம் கோடி தடவை துடிக்கிற ஒளிக்கு முன்னால் வெறும் ஜடம். இளையதையும் ஒருவர் மதிக்க வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு பிறந்ததுதான் இந்த வேலை. கண்ணாடியின் மேல் ஒரு தங்கக் கம்பி, அதன் மேல் மெல்லிய தடுப்பு, அதன் மேல் இன்னொரு தங்கக் கம்பி. தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலம். அப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகளை வரிசையாக நிறுத்தினால் மொத்தமும் ஒரு கடுகுக்குள் அடங்கும். மேல் கம்பியில் மின்னோட்டம் இந்தப் பக்கம், கீழ்க் கம்பியில் அந்தப் பக்கம், சுற்றிச் சுற்றி ஓடினால் ஒவ்வொரு ஜோடியும் குட்டிக் காந்தமாகி ஒளியின் காந்தத்துக்குப் பதில் சொல்லும். பதில் சொல்கிற இடத்தில் பள்ளம் விழும். தங்கத்தில் வேலை பார்க்கிறாள் என்றதும் கோபியிலிருந்து அம்மா, "நம்மளுக்கு ரண்டு வளையலு அடிச்சுக் குடுப்பாங்களா கண்ணு?" என்று கேட்டாள். இருக்கிற தங்கத்தை எல்லாம் சுரண்டிச் சேர்த்தாலும் எறும்புக்கு மூக்குத்தி தேறாது. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒளியின் மின்புலம் கம்பிகளுக்குக் குறுக்கே விழ வேண்டும். நீளவாக்கில் விழுந்தால் காந்தமாவது ஒன்றாவது. திசைதான் எல்லாம். ஒளியின் திசையைப் போலரைசர் என்ற வடிகட்டி பூஜ்யத்தில் நின்று கிடைமட்டமாக்கிவிடும், மிச்சம் கம்பியின் திசை. அந்தத் திசைக்கு இருந்த ஒரே சாட்சி கண்ணாடி மூலையில் ஒரு கீறல்.

கண்ணாடியை வெறும் கண்ணால் பார்த்தால் கம்பி தெரியாது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. ஒளியைவிடச் சின்னதை ஒளியை வைத்துப் பார்ப்பது எப்படி. எலெக்ட்ரான் நுண்ணோக்கி பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது, அதில் அடுத்த வாரம் புதன்கிழமைதான் இடம். அதனால் இங்கே ஒரு சட்டம், சார் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியது: கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி கண்ணாடியை வைத்து வலது கீழ் மூலையில் வைரமுனைப் பேனாவால் கீறு. அளக்கிறவன் கீறலை வலது கீழே வைத்தால் போதும், கம்பி நெட்டுக்குத்தாக நிற்கும். ஊருக்கெல்லாம் சோத்துக்கைதானே வேலைக்கை. கீழ் விளிம்பில் அழுத்தித் தொடங்கி வலது விளிம்பில் லேசாக முடிப்பார்கள். ஆழமான முனை இருக்கிற விளிம்பு கீழ்ப்பக்கம், இது சட்டத்தில் எழுதாத சட்டம். இன்றைக்கு ஒரு மணிக்கு, பேச்சின் முடிவில் அந்தக் கண்ணாடியைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஜெபசிங் கேட்டானே என்று அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, இடுக்கியால் கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தங்க முகம் மேலே. ஆழமான முனையைத் தன் பக்கம் வைத்தாள். கீறல் இடது மூலையில் இருந்தது. மறுபடியும் பார்த்தாள். இடது மூலை. அளவுப் புத்தகத்தை எடுத்துத் தேதியைத் தேடினாள். ஜெபசிங்கின் குண்டு குண்டான கையெழுத்தில், கீறல் வலது கீழ், போலரைசர் பூஜ்யம், எழுநூற்று இருபதில் பள்ளம், பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி. அந்தக் கீறலைப் போட்டது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கட்டடத்தில் அப்படிக் கீறக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான், அது அப்போது இடுக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிக். தொள்ளாயிரத்து முப்பது.

நொட்டாங்கை. அம்மா அப்படித்தான் சொல்வாள், பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கை. சாப்பிடும்போது இடது கையைப் பாவாடை நாடாவால் முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவாள் அம்மா, அழுதுகொண்டே கட்டுவாள், அவிழ்க்கும்போதும் அழுவாள். மூன்றாம் வகுப்பு டீச்சர் அடிமட்டத்தின் ஓரத்தால் விரல் கணுவில் ஒரு போடு போட்டபோது போனது எழுத்து, அன்றிலிருந்து எழுத்து வலது கைக்கு. சாப்பாடு வலது. பிறருக்குக் கொடுப்பது, வாங்குவது, கும்பிட்டுத் திருநீறு எடுப்பது எல்லாம் வலது. இடது கை தனியாக இருக்கும்போது மட்டும் வெளியே வரும், ஊசியில் நூல் கோக்க, வெங்காயம் அரிய. கம்பி செய்கிற, தூசி நுழையாத கிளீன் ரூமுக்குள் போய்த் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கியை மாட்டிக் கையுறையும் போட்டபிறகு, ஐயோ, அது என்ன சுகம். யாருக்கும் தெரியாது. மூன்று மணி நேரம் நொட்டாங்கைக்காரியாகவே இருப்பாள். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சார் தலை தெரிந்தால் இடுக்கியை மெதுவாகக் கை மாற்றிக்கொள்வாள். பெரிய விஞ்ஞானி, ஆராய்ச்சிக் கட்டுரை பதினேழு, இன்னமும் டீச்சருக்குப் பயம். மற்ற நாளெல்லாம் கீறுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்று, வலது, வலது என்று சொல்லிக்கொண்டு பேனாவை வலது கைக்கு மாற்றிக் கோணல்மாணலாகக் கீறுவாள். அன்றைக்கு ஏன் மாற்றவில்லை? பதினோரு கண்ணாடி பாழாகிப் பன்னிரண்டாவது சுத்தமாக வந்தது, கம்பிகள் எல்லாம் குச்சி குச்சியாக நின்றன, கண்ணில் தண்ணீர் வந்து முகமூடி நனைந்தது. அந்த மகிழ்ச்சியில் கை தன் இஷ்டத்துக்கு வேலை செய்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும்போதுதான் மனுஷி தன் கையால் வேலை செய்கிறாள், அதற்குத்தான் இந்தத் தண்டனையா. சே, தண்டனை கிண்டனை என்று என்ன பேச்சு இது. இன்னும் ஒன்றும் தெரியாது. இன்னும் இருநூறு நானோமீட்டர் இருக்கிறது.

ஏனென்றால் இடது மூலையில் இருக்கிற கீறலை வலது மூலைக்குக் கொண்டுவர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கண்ணாடியைப் புரட்டுவது. இன்னொன்று, கால் வட்டம் சுழற்றுவது. தோசையைத் திருப்பிப் போடுவதற்கும் கல்லிலேயே சுற்றிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஜெபசிங் புரட்டி வைத்திருந்தால் தங்கம் பின்பக்கம் போயிருக்கும், கம்பி நெட்டுக்குத்தாகவே நின்றிருக்கும், ஒரு குறையும் இல்லை, கட்டுரை பிழைத்தது. சுழற்றி வைத்திருந்தால் கம்பி படுத்துவிட்டது, மின்புலம் நீளவாக்கில் விழுந்தது, வரவே கூடாத இடத்தில் பள்ளம் வந்திருக்கிறது. அப்படியானால் அது காந்தமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, கம்பி வரிசையோ அடிப்பூச்சோ காட்டிய ஏதோ ஒரு வேடிக்கை. இப்போது கீறலை இடது கீழே வைத்து, கம்பியை நிச்சயமாக நெட்டுக்குத்தாக நிறுத்தி அளக்கிறாள். பள்ளம் வந்தால் புரட்டினான். வராவிட்டால் சுழற்றினான். புரட்டியிருப்பான். ஏன் புரட்டுவான்? தங்க முகம் விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது பாலபாடம், அவன் கெட்டிக்காரன், புரட்ட மாட்டான். கெட்டிக்காரனாக இருப்பதுதான் இப்போது இடி. அவசரத்தில் புரட்டியிருக்கலாம், அன்றைக்கு அவனுக்குச் சளி என்று ஞாபகம், சளி பிடித்தவன் எதையும் புரட்டுவான். கணினிக் கணக்குப்படி பள்ளம் எழுநூற்று நாற்பதில் வந்திருக்க வேண்டும், அளவில் எழுநூற்று இருபதில் வந்தது. இருபது தள்ளி வந்ததற்குக் கம்பியின் ஓரம் சொரசொரப்பு, அகலத்தில் சிறு பிசகு என்று ஒரு பத்தி எழுதினார்கள். அந்தப் பத்தியை எழுதியது யார்? இதே கோகிலவாணி. சார் படித்துவிட்டு, பிரமாதம்மா, பத்திரிகை நடுவர் வாயே திறக்க மாட்டார் என்றார். திறக்கவில்லை.

அப்போது கதவில் இரண்டு தட்டு. திரையில் எண்ணூற்று அறுபது.

"யக்கா, உள்ளதான் இருக்கியளா?"

"இருக்கேன் கண்ணு. ஸ்கேன் ஓடுது, கதவைத் தள்ளிடாதே."

"தள்ளலக்கா, செவப்பு லைட்டு எரியுதுல்லா. அந்தக் கண்ணாடிய எடுத்து வச்சிட்டியளா?"

"இங்கதான் இருக்குது."

"கடைசில அதத் தூக்கிக் காமிச்சிட்டு, நன்றின்னு சொல்லி முடிச்சிருதேன். எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்."

"என்னத்த ஸ்கேன் போடுதிய இந்நேரத்துல? மேல வந்து முன்னால உக்காருங்கக்கா. உங்க மொகத்தப் பாத்தாதான் எனக்குப் பேச்சு வரும்."

"சும்மா பழசு ஒண்ணு. வந்துர்றேன்."

அவன் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாத காலின் சத்தம், புது ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருப்பான், கடிக்கும் என்று நேற்றே சொன்னான். "ரோஸ்லின் காலையில லெட்டர் குடுத்திட்டாக்கா" என்றான்.

"என்ன லெட்டர்?"

"ஆஸ்பத்திரி வேலைய விடுததுக்கு. பொறு பிள்ள, இன்னும் முடிவாகலன்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கா. உங்க அக்காதான் இருக்காவல்லா, எல்லாம் நடக்கும்ங்கா."

கோகிலவாணி வாயைத் திறந்தாள். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி, அன்றைக்குப் புரட்டினாயா சுழற்றினாயா. நாக்கு நுனிவரை வந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு கண்ணாடியை எப்படி வைத்தான் என்று எவனுக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லாவிட்டாலும் அவன் கெட்டிக்காரன், கேள்வியைக் கேட்ட மறுநொடி ஏன் கேட்கிறாள் என்று புரிந்துவிடும், அப்புறம் மாடிக்குப் போய் அவன் எதைப் பேசுவான். "சட்டை கசங்காம பாத்துக்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

உங்க அக்கா இருக்காவல்லா. தாம்பரம் பக்கம் போகிற மின்ரயில் கட்டடத்துக்குப் பின்னால் கடந்தது, மேசை காற்றில் மிதக்கிற மேசை, ரயிலுக்கு அசையாது, இருந்தாலும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஜெபசிங்கின் மனைவி ரோஸ்லினை மூன்று தடவை பார்த்திருக்கிறாள். மெல்லிய குரல், மருத்துவமனை வாசனை போகாத கை, வந்தால் டப்பா நிறைய முந்திரிக்கொத்து. நாலு வருஷமாக அவள் நாகர்கோவிலில், இவன் இங்கே. சனிக்கிழமை ராத்திரி ரயில், திங்கட்கிழமை காலை திரும்பி இங்கே, நடுவில் ஒரு ஞாயிறு, அதிலும் பாதி கோயில். இந்த வேலை கிடைத்தால் குடியிருப்பில் வீடு. வீட்டின் பின்பக்கம் முருங்கை இருக்கிறதா என்று ரோஸ்லின் கேட்டாளாம். இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, கோகிலவாணியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஒரு கீறல். ஒரு நகக்கண் நீளம்கூட இல்லை. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் மனசு மெதுவாகக் கேட்டது, கேட்டுவிட்டு யாரோ கேட்டதுபோல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ஒன்றும் ஆகாது. பாலம் இடியாது, யாருக்கும் மருந்து மாறிப்போகாது. உலகத்தில் ஒரு பத்துப் பேர் அந்தப் படத்தைப் பார்த்து அதே கம்பியைச் செய்துபார்ப்பார்கள், வராது, தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த ஊரிலோ ஒரு பெண் பதினோரு கண்ணாடியைப் பாழாக்கிவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வாள். அந்தப் பெண்ணை மட்டும் ஏன் நினைத்தோம் என்று எரிச்சலாக வந்தது. அவளை நினைக்காமலே இருந்திருக்கலாம். டிக். எழுநூற்றுத் தொண்ணூற்றாறு.

இரண்டு முப்பத்து மூன்றுக்கு எழுந்து நின்றாள். உட்கார முடியவில்லை. கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள், இரண்டும் பனிக்கட்டி. எழுநூற்று அறுபது, கோடு சமதளம். எழுநூற்று ஐம்பது. இங்கேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும், பள்ளம் என்பது கிணறு மாதிரி திடுமென்று விழாது, சரிவு முதலில் வரும். எழுநூற்று நாற்பத்தெட்டில் ஒரு புள்ளி கொஞ்சம் கீழே விழுந்தது. கோகிலவாணி மாரியம்மனைக் கூப்பிட்டாள். பௌதிகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் கூப்பிடுகிறாளே என்று மாரியம்மன் வியந்திருப்பாள். அடுத்த புள்ளி பழைய மட்டத்துக்கே ஏறிவிட்டது. வெறும் இரைச்சல். நாற்பது, கணக்கு சொன்ன இடம், சமதளம். முப்பத்தாறு. முப்பத்திரண்டு. ஒவ்வொரு சொடுக்குக்கும் நடுவில் பன்னிரண்டு விநாடி, அதற்குள் ஒரு ஆயுசு. இருபத்தாறு. வா. இருபத்து நாலு. வந்துவிடு சாமி. இருபத்திரண்டு. இருபது. பதினெட்டு. கோடு தறியில் இழுத்துக் கட்டின நூல் போலப் போய்க்கொண்டே இருந்தது. பதினாறு, பத்து, எழுநூறு. ஒன்றும் இல்லை. பள்ளம் இல்லை, பள்ளத்தின் நிழல்கூட இல்லை. சுழற்றித்தான் வைத்திருக்கிறான். அவன் சட்டப்படிதான் வைத்தான், அவன் மேல் குற்றமே இல்லை. சட்டத்தை மீறியது அவளுடைய கை. ஆச்சரியம் என்னவென்றால் அழுகை வரவில்லை, பசிதான் அதிகமாயிற்று.

மேசை ஓரத்தில் வைரமுனைப் பேனா இருந்தது. அதை எப்போது இங்கே கொண்டுவந்தாள்? டப்பாவோடு சேர்ந்து வந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். கீறலின் ஆழமான முனைதான் கீழ்ப்பக்கத்தைச் சொல்கிறது, மெலிந்த முனை விளிம்பில் தேய்ந்து முடிகிறது. அந்த மெலிந்த முனையின் மேல் ஒரே ஒரு இழுப்பு. அங்கே அதைவிட ஆழமாகிவிட்டால் அந்த விளிம்பு கீழ்ப்பக்கமாகிவிடும், கீறல் தானாக வலது மூலைக்கு வந்துவிடும், அளவுப் புத்தகத்தில் எழுதியிருப்பது உண்மையாகிவிடும். இனி யார் எடுத்து வைத்தாலும் ஜெபசிங் வைத்ததுபோலவே வைப்பார்கள். பள்ளம் வரும். எப்போதும் வரும். முருங்கை மரம் இரண்டு. பேனாவை எடுத்தது தெரியவில்லை, கையில் இருப்பதுதான் தெரிந்தது. வலது கையில் இருந்தது. இத்தனை நாளும் எழுதவும் உண்ணவும் கொடுக்கவும் பழக்கிய நல்ல கை, டீச்சரும் அம்மாவும் சேர்ந்து உருவாக்கிய மரியாதைக்கார கை. திருட்டு வேலைக்கு இந்தக் கைதான் முன்னால் வந்து நிற்கிறது. கோகிலவாணிக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. கொஞ்ச நேரம், ஒரு ஐந்து சொடுக்கு இருக்கும், அப்படியே நின்றாள். செய்துவிடுவாள் என்றே நினைத்தாள். பிறகு பேனாவை மேசையில் வைத்து, அது உருண்டு விழுந்த சத்தத்தைக் கேட்டாள், கண்ணாடியைத் தாங்கியிலிருந்து கழற்றினாள். ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைக் கழற்றுவதும் கதவைத் திறப்பதும் இங்கே கொலைக்குற்றம். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். நடைபாதையின் வெயில் உள்ளே பாய்ந்தது, திரையில் கோடு சர்ரென்று உச்சிக்கு ஏறியது.

ஜெபசிங் நடைபாதையின் கோடியில் தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில் நின்று சுவரிடம் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். இளநீலச் சட்டை, ஷூ இன்னும் கையில். அவளைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தான், "ரெண்டே முக்கால்க்கா" என்று கிட்டே வந்தான். அவள் கண்ணாடியை நீட்டினாள். இடது கையால் நீட்டினாள். அவன் அதை ஒரு கணம் பார்த்தான், அக்கா இப்படி எதையும் கொடுத்ததில்லை.

"ஆழமா இருக்கிற முனையை உன்ற பக்கம் வெச்சுப் பாரு ஜெபா. தங்கம் மேல."

பார்த்தான்.

"கீறலு எந்தப் பக்கம் இருக்குது?"

"எடது பக்கம்." சொல்லிவிட்டு மறுபடி பார்த்தான். "எடது பக்கம்லா இருக்கு."

"அது என்ற நொட்டாங்கையில போட்டது. எனக்கு அதுதான் வேலைக்கை. உங்க யாருக்கும் சொன்னதில்ல. அன்னைக்குக் கை மாத்த மறந்துட்டேன். இப்பத்தான் சரியா வெச்சு அளந்தேன். எழுநூத்தி இருவதுல ஒண்ணுமே இல்ல கண்ணு. சுத்தமா இல்ல. தப்பு என்றதுதான், உன்றதில்ல."

அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள், அழுவான் என்றுகூட. அவன் ஷூவை மெதுவாகத் தரையில் வைத்தான். "நீங்க டப்பாவுல வச்சுத் தந்த மாதிரியேதான் மொதல்ல வச்சேன்க்கா" என்றான். குரல் வேறு எங்கேயோ இருந்து வந்தது. "அன்னைக்கு. ஸ்கேன் போட்டேன். ஒண்ணும் வரல. அப்பதான் கீறலப் பாத்தேன். எடது பக்கம் கெடக்கு. அட மடையா, தப்பா வச்சிட்டமேன்னு சுத்தி வலது பக்கம் வச்சேன். பள்ளம் வந்திட்டு. சார் ஓடி வந்து கட்டிப் பிடிச்சாவ."

"மொத ஸ்கேனை எழுதலையே நீ."

"தப்பா வச்ச அளவ யாருக்கா எழுதுவா?"

யாரும் எழுத மாட்டார்கள். அவளும் எழுதியதில்லை. சட்டத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. மாடியிலிருந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது, வைத்தியலிங்கம் சாரின் சிரிப்பும் கேட்டது. ஜெபசிங் படிக்கட்டைப் பார்த்தான். "நாளைக்குச் சொல்லலாமாக்கா?" என்று கேட்டான். மிகவும் சின்னக் குரலில் கேட்டான். சரி என்று சொல்லத்தான் கோகிலவாணிக்கு வாய் துடித்தது. சரி கண்ணு, நாளைக்கு. ஒரு நாள்தானே. அவனே கேட்கிறான், அவள் சொல்லவில்லை, அவள் உண்மையைச் சொல்லியாயிற்று, அவள் பங்கு முடிந்தது. அப்படி எல்லாம் சொல்லிக்கொண்டே நின்றாள், வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை தனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வலது கையில் பேனா இருந்ததே. அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உங்க முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு வரும் என்று சொன்னவன். என்ன பார்த்தானோ, பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினான்.

"அந்தக் கோட்டப் போட்டுத் தாங்க. பதினாலாம் ஸ்லைடுக்குப் பக்கத்துல வைக்கேன். ரெண்டையும் காமிச்சிருதேன்."

"ஜெபா…"

"சீக்கிரம்க்கா. பத்து நிமிசந்தான் இருக்கு."

இருட்டறை இப்போது இருட்டாக இல்லை. திரையில் அறுநூற்று ஐம்பது வரை சமதளமும் அதற்குப் பிறகு வெயில் அடித்த செங்குத்தும். வெயிலை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். அவன் ஷூவைப் போட்டுக்கொண்டான், கயிற்றைக் கட்டும்போது விரல் வழுக்கியது, இரண்டு தடவை கட்டினான். கண்ணாடி டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவுவரை போனவன் திரும்பி நின்றான்.

"ரோஸ்லின்கிட்ட நீங்கதான் பேசணும்க்கா. இன்னைக்கு சாயங்காலமே பேசிருங்க. அந்த லெட்டரத் திருப்பி வாங்கிரச் சொல்லுங்க. எனக்கு அத அவகிட்டச் சொல்ல வராது."

"நான் பேசறேன்."

"நீங்க சொன்னா கேப்பா" என்றான், போய்விட்டான். படிக்கட்டில் புது ஷூ தட்தட்டென்று ஏறியது. கோகிலவாணி அளவுப் புத்தகத்தை இழுத்துப் புதுப் பக்கத்தைத் திறந்தாள். பேனாவை இடது கையில் பிடித்துப் பார்த்தாள், அதற்கு எழுத வரவில்லை, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கை. வலது கைக்கே மாற்றிக்கொண்டாள். தேதி போட்டாள். கீறல் இடது கீழ், போலரைசர் பூஜ்யம், பள்ளம் இல்லை. ஒரு வரி விட்டு, இதே கண்ணாடியை இதே நிலையில் ஜெபசிங் மூன்று வருஷத்துக்கு முன்பே அளந்திருக்கிறார், அப்போதும் பள்ளம் இல்லை, அது எழுதப்படவில்லை என்று எழுதினாள். வைரமுனைப் பேனா முக்காலிக்கு அடியில் கிடந்தது. அதையும் எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். மணி இரண்டு ஐம்பத்தாறு. கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போய் முன்வரிசையில் அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.